குண்டின் எடையும் கரடியின் தோளும்

அலாஸ்காவின் தென்கரைக்கு அப்பால் உள்ள கோடியாக் தீவுக்கூட்டத்தில் மான் வேட்டைப் பருவம் ஆகஸ்டில் தொடங்கித் திசம்பர் இறுதிவரை நீள்கிறது. வேட்டைக்குரியது சிட்கா கருவால் மான். வளர்ந்த ஆண்மானும் 55 கிலோவை ஒட்டிய எடையே உடையது. இவ்வளவு சிறிய விலங்கை வீழ்த்த வலிமை மிக்க துப்பாக்கி எதுவும் தேவைப்படாது. ஆனால் அதே தீவுகளில் ஏறத்தாழ 3,500 பழுப்புக் கரடிகள் வாழ்கின்றன. சால்மன் மீனைத் தின்று கொழுத்த இவற்றுள் பெரிய ஆண்கள் 600 கிலோவையும் தாண்டுவதுண்டு. அக்டோபர் இறுதியில் சூல்கொண்ட பெண்கரடிகள் முதலில் வளை புகும். ஆண்கரடிகள் கடைசியில் புகும். சில ஆண்கள் குளிர்காலம் முழுவதும் வெளியிலேயே திரியும். வேட்டொலி கேட்டால் அங்கே இறைச்சி கிடைக்கும் என்பதைக் கற்றுக்கொண்ட கரடிகளும் அத்தீவில் உள்ளன என்று வேட்டைக்காரர்கள் எச்சரிக்கப்படுகின்றனர்.

ஆகவே மானுக்கு உரிமம் வாங்கியவன், தான் சுட விரும்பாத இன்னொரு விலங்கையும் எண்ணியே துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. மான் 150 அல்லது 200 மீட்டர் தொலைவில் ஒரு சரிவில் மேய்ந்துகொண்டு நிற்கும், குறிவைக்க நேரமிருக்கும். கரடி ஆல்டர் புதருக்குள்ளிருந்து 15 மீட்டரில் தோன்றும். அதற்கு முன் அது இருப்பதே தெரிந்திராது. ஒரே குழல், ஒரே தோட்டா, இவ்விரு நிலைமைக்கும் ஈடுகொடுக்க வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான பண்புகளைக் கேட்கின்றன என்பதே இங்குள்ள இயற்பியல் சிக்கல்.

ரைஃபிள் என்று வழங்கும் புரிகுழல் துப்பாக்கியின் குழலுக்குள் திருகுசுழலான பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றைப் பற்றிக்கொண்டு வெளியேறும் குண்டு தன் அச்சில் சுழன்றபடி, முனை பிறழாமல் பறக்கிறது. தோட்டா என்பது பித்தளை உறை, அதன் அடியில் தட்டினால் தீப்பற்றும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. குண்டின் எடையை அமெரிக்கர் இன்றும் கிரெய்ன் என்னும் பழைய அளவில் குறிக்கின்றனர், 15.4 கிரெய்ன் ஒரு கிராம். கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் தோட்டாப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், குண்டின் எடை, குழல்வாயில் அதன் விரைவு, இயக்க ஆற்றல் ஆகிய மூன்றும் அச்சிடப்பட்டிருக்கும். வாங்குவோரில் பெரும்பாலோர் மூன்றாம் எண்ணையே நோக்குகின்றனர். அந்த எண் எவ்வளவு மறைக்கிறது என்பதை ஒரே தோட்டாவை வைத்துக் காட்டலாம்.

.30-06 ஸ்பிரிங்ஃபீல்டு என்பது வட அமெரிக்க வேட்டைக்காரர்களின் கைகளில் நூறாண்டாகப் புழங்கிவரும் தோட்டா. பெயரின் முற்பாதி குழல் விட்டத்தை அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்குகளாகச் சொல்கிறது. பிற்பாதி 1906-ஆம் ஆண்டு. இதே உறையில் பல எடையுள்ள குண்டுகளைப் பொருத்தி விற்கின்றனர். 150 கிரெய்ன், அதாவது 9.7 கிராம் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 887 மீட்டர் விரைவில் வெளியேறுகிறது. 220 கிரெய்ன், அதாவது 14.3 கிராம் குண்டு மெல்லச் செல்வது. நொடிக்கு ஏறத்தாழ 732 மீட்டர். நிறையை விரைவின் இருமடியால் பெருக்கிப் பாதியாக்கினால் முன்னதற்கும் பின்னதற்கும் விடை ஒன்றே: 3,820 ஜூல். பெட்டியின் முதுகைப் படிப்பவனுக்கு இரண்டும் ஒன்று. கரடியின் தோள்பட்டைக்கு அவை ஒன்றல்ல.

ஏன் அல்ல என்பதை உந்தம் முதலில் சொல்கிறது. கிலோவில் கொண்ட நிறையையும் விரைவையும் ஒருமுறை மட்டும் பெருக்கினால், எடை குறைந்த குண்டுக்கு 8.6, எடை மிகுந்ததற்கு 10.4. அடுத்து, குண்டின் எடையை அதன் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் விட்டம் ஒன்றே; ஆகவே முன்னதில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் பின்னால் 20 கிராம் ஈயம் நின்று தள்ளுகிறது, பின்னதில் ஏறத்தாழ 30 கிராம். தசையும் எலும்பும் குண்டின் முகப்பை எதிர்த்து நிற்கின்றன. முகப்பு அகன்றால் எதிர்ப்பு கூடும். பின்னால் நிற்கும் நிறை கூடினால் அவ்வெதிர்ப்பைக் கடந்து செல்லும் தொலைவு கூடும். ஆற்றல் எவ்வளவு என்பதோடு, அது எந்த ஆழத்தில் செலவாகிறது என்பதும் தெரிய வேண்டும். தோல், கொழுப்பு, ஒரு கை அளவுத் தசை என்று மேற்பரப்பிலேயே 3,820 ஜூலும் கரைந்துபோனால், கரடிக்கு ஆழமற்ற கொடும்புண் ஒன்றும் சுட்டவனுக்கு அதைவிடக் கொடிய சில நொடிகளும் எஞ்சும்.

இங்கே வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. இத்தோட்டாவின் முன்னோடியாக 1903-இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட .30-03 தோட்டாவில் இருந்தது மழுங்கிய முனையுடைய 220 கிரெய்ன் குண்டுதான். செருமானியப் படை கூர்முனையுடைய எடை குறைந்த குண்டுக்கு மாறியதைக் கண்டு, அமெரிக்கரும் 1906-இல் 150 கிரெய்ன் கூர்குண்டுக்கு மாறினர். போர்க்களத்தில் தட்டையான பாதையும் தொலைவும் வேண்டியிருந்தன. கரடிகள் வாழும் நாட்டில் மான் தேடுவோனோ அந்த மாற்றத்துக்கு முந்திய குண்டையே தேடிப் போகிறான். அவனுக்கு வசதியாக, குழலின் திருகுசுழல் அன்று முதல் மாறவே இல்லை: 25.4 சென்டிமீட்டருக்கு ஒரு முழுச்சுற்று. நீண்ட, எடை மிகுந்த குண்டையும் தடுமாறாமல் சுழற்ற அது போதும்.

குண்டின் விரைவை முதன்முதலில் நம்பத்தக்க முறையில் அளந்தவர் பெஞ்சமின் ராபின்சு என்னும் ஆங்கிலேயக் கணக்கறிஞர். 1742-இல் வெளிவந்த தம் பீரங்கியியல் நூலில் அவர் விளக்கிய கருவி மிக எளியது. எடை மிகுந்த ஊசல் ஒன்றில் குண்டு போய்ப் பதியும். ஊசல் பின்னோக்கி ஆடும். ஆட்டத்தின் அளவை ஊசலோடு இழுபட்டு வரும் நாடாவொன்று காட்டும். ஊசலின் நிறை தெரியும், அது ஆடிய அளவு தெரியும். உந்தம் அழியாது என்னும் விதியைக் கொண்டு குண்டின் விரைவைக் கணக்கிட்டுவிடலாம். இதனால் அவருக்கு வெளிப்பட்ட பேருண்மை, காற்றின் தடை அதுவரை எண்ணப்பட்டதைவிடப் பன்மடங்கு பெரிது என்பது. விரைந்து செல்லும் ஈயவுருண்டையை அதன் எடையைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு விசையோடு காற்று பின்னிழுக்கிறது. ஆய்லர் அந்நூலைச் செருமன் மொழியில் பெயர்த்து விரிவுரையும் எழுதினார். ராபின்சின் முடிவு தமிழ் மண்ணில் நேர்ந்தது. கிழக்கிந்தியக் கும்பினியின் கோட்டைகளைச் சீரமைக்க வந்த அவர், 1751-இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்து டேவிட் கோட்டையில் இறந்தார். வேட்டைத் தோட்டாக்களைப் பற்றிய பேச்சில் இன்று அடிபடும் எண்கள் அனைத்துக்கும் வேர் அவருடைய ஊசலில் இருக்கிறது. கடலூரில் அவரை நினைப்பவர் எத்தனை பேர் இருப்பர் என்று தெரியவில்லை.

அதே ஊசல் இன்னொரு பொய்யையும் அன்றே உடைத்திருக்க வேண்டும். பெரிய துப்பாக்கியின் குண்டு பட்டால் கரடி பின்னோக்கித் தூக்கியெறியப்படும் என்ற எண்ணம் திரைப்படங்களால் வளர்ந்தது. துப்பாக்கி வணிகரும் அதைக் கலைக்க விரும்புவதில்லை. கரடி என்பது ஊசலைவிட எடை மிகுந்த ஊசல்தான். .375 ஹாலண்டு அண்டு ஹாலண்டு மேக்னம் என்பது ஆப்பிரிக்கக் காட்டெருமைக்கும் பழுப்புக் கரடிக்கும் பெயர்பெற்ற, 1912-ஆம் ஆண்டுத் தோட்டா. அதன் 300 கிரெய்ன் குண்டு 19.4 கிராம், நொடிக்கு ஏறத்தாழ 770 மீட்டர் விரைவு, உந்தம் 15. இந்த உந்தம் முழுவதும் 300 கிலோக் கரடிக்குள் அடங்கினாலும், நின்றுகொண்டிருக்கும் கரடிக்கு அது தரும் விரைவு நொடிக்கு 5 சென்டிமீட்டர். ஓடிவரும் கரடியோ நொடிக்கு 15 மீட்டரை எட்ட வல்லது. அதன் உந்தம் 4,500. குண்டு கொண்டுவருவது அதில் முந்நூறில் ஒரு பங்கு. தள்ளி நிறுத்துதல் என்ற ஒன்று இங்கே இல்லவே இல்லை.

அப்படியானால் கரடியை நிறுத்துவது எது? உடற்கூறு. மூளையோ தண்டுவடமோ சிதைந்தால் விலங்கு அக்கணமே விழுகிறது. தோள் மூட்டும் மேற்கை எலும்பும் முறிந்தால், உயிர் இருந்தாலும் ஓட்டம் குலைகிறது. மற்றவை எல்லாம் குருதியிழப்பு. அதற்கு நேரம் வேண்டும். இதயம் சிதைந்த பின்னும் மூளையில் உள்ள உயிர்வளி பத்து, பதினைந்து நொடிகளுக்கு விலங்கை இயக்கக்கூடும். மானைப் பொறுத்தவரை அது புதருக்குள் ஐம்பது மீட்டர் ஓடி விழுவது, தேடி எடுத்துக்கொள்ளலாம். 15 மீட்டரில் எதிர்கொண்டு வரும் கரடியைப் பொறுத்தவரை அந்தப் பத்து நொடி மிகமிக நீண்ட காலம். கோடியாக்கின் வழிகாட்டிகள் தோளைக் குறிவைக்கச் சொல்வதன் பொருள் இதுதான்: எலும்பை முறித்துக்கொண்டே குண்டு நெஞ்சறைக்குள் புக வேண்டும். தலையைக் குறிப்பது எளிதன்று. கரடியின் நெற்றி பின்னோக்கிச் சாய்ந்தது, மூளைப்பேழை சிறியது, ஓட்டத்தில் தலை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். முகத்தின் பெரும்பகுதி தாடையும் மூக்கெலும்பும் தசையுமே.

இதற்கு நேரெதிரான கதை ஒன்றையும் எவரேனும் நினைவூட்டுவர். 1953-இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், சிலேவ் ஏரிக்கு அருகே, பெல்லா டுவின் என்னும் கிரீ குலப் பெண்மணி, அணிலும் முயலும் சுடப் பயன்படும் .22 துப்பாக்கியால் பெரிய கிரிஸ்லிக் கரடி ஒன்றை வீழ்த்தினார். அன்றைய உலக அளவுப் பட்டியலில் அதன் மண்டையோடு முதலிடம் பெற்றது. கதை உண்மைதான். அவர் சுட்டது மண்டையின் பக்கவாட்டில், எலும்பு மெல்லிய இடத்தில். கரடி அவரை நோக்கி ஓடிவந்து கொண்டிருக்கவில்லை. மிக அருகில், பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தது. காட்டையே வாழ்விடமாகக் கொண்ட ஒருவரின் உடற்கூற்றறிவும் அமைதியும் அந்தச் சிறு குண்டுக்கு வழிகாட்டின. சிறிய துப்பாக்கி போதும் என்பதற்கு இதைச் சான்றாக்குவோர், பெல்லா டுவினைத் தம்மோடு அழைத்துச் செல்வதாக நினைத்துக்கொள்கின்றனர் போலும்.

ஆழமே வேண்டப்படுவது என்றாயிற்று. எடை மட்டும் அதைத் தந்துவிடுமா என்றால், இல்லை. குண்டு வழியில் உடையாமல் இருக்க வேண்டும். வேட்டைக்குண்டு பொதுவாகச் செம்புறைக்குள் ஈயம் நிரப்பியது. முனையில் ஈயம் வெளித்தெரியும். உடலில் பட்டதும் முனை மலர்ந்து காளான்போல் விரியும்படி செய்யப்பட்டது. விரிவதால் புண் அகலும். ஆனால் விரைவு மிகையானால் விரிவது நின்று சிதறல் தொடங்கும். குழல்வாயை விட்ட குண்டு காற்றால் ஒவ்வொரு மீட்டருக்கும் விரைவிழக்கிறது. ஆகவே அதன் விரைவு உச்சத்தில் இருப்பது முதல் 15 மீட்டரில். மானுக்காக 200 மீட்டரில் ஒழுங்காக மலரும்படி வடிவமைத்த எடை குறைந்த குண்டு, அதே நாளில் 15 மீட்டரில் கரடியின் தோளெலும்பில் பட்டால் துண்டுதுண்டாகிவிடக்கூடும். மிக ஆழமாகச் செல்ல வேண்டிய இடத்தில்தான் அது மிகக் குறைவாகச் செல்கிறது. விரைவைப் போற்றும் விளம்பரங்கள் இந்த ஓரிடத்தைத் தொடாமலே கடந்துவிடும்.

இக்குறையைக் கண்கூடாகக் கண்டு கருவி செய்தவர் ஜான் நாஸ்லர். ஓரிகான் மாநிலத்தில் சரக்குந்துத் தொழில் நடத்தியவர். 1946-இல் பிரிட்டிசு கொலம்பியாவில் மூஸ் மான் ஒன்றைச் சுட்டார். வலிமை மிக்க .300 மேக்னம் துப்பாக்கி, ஆயினும் சேறு காய்ந்து இறுகியிருந்த தோலிலும் அடுத்த தசையிலுமே குண்டுகள் சிதறிப்போயின, விலங்கு விழவில்லை. ஊர் திரும்பிய நாஸ்லர் செம்புத் தண்டு ஒன்றை இருபுறமும் குடைந்து, நடுவில் செம்புச் சுவர் ஒன்றை விட்டுவைத்தார். முன்குழியிலும் பின்குழியிலும் தனித்தனியே ஈயம். முன்பாதி மலரும், வேண்டுமானால் உதிரும். சுவரைத் தாண்டிச் சிதைவு செல்லாது. பின்பாதி முழு உருளையாக மேலும் உள்ளே செல்லும். 1948 முதல் ‘பார்ட்டிசன்’ என்ற பெயரில் விற்கும் இந்தக் குண்டு, இலக்கைத் துளைத்த பின்னும் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வைத்திருக்கும். பின்னர் ஈயத்தை உறையோடு உருக்கி ஒட்டிய குண்டுகள் வந்தன. 1989-இல் பார்னசு நிறுவனம் ஈயமே இல்லாத முழுச்செம்புக் குண்டைக் கொண்டுவந்தது. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஒரே எடைக்குக் குண்டு நீண்டுவிடும், உறைக்குள் மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது எடையை இழப்பதே அரிது என்பதால், 180 கிரெய்ன் செம்புக்குண்டு எடை மிகுந்த பழைய ஈயக்குண்டின் வேலையைச் செய்துவிடும். என் கணிப்பில், கடந்த நூறாண்டில் கரடிநாட்டு வேட்டைக்காரனுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு புதிய தோட்டா எதுவும் அன்று, இந்தக் குண்டுகளே.

இவற்றை ஒருமுறை முறைப்படி ஆய்ந்தும் பார்த்துள்ளனர். அமெரிக்க வனத்துறையின் பணியாளர்கள் தென்கிழக்கு அலாஸ்காவில் கரடிகளுக்கிடையே வேலை செய்ய வேண்டியிருந்ததால், வில்லியம் மீஹன், ஜான் திலேனியஸ் என்னும் இருவர் கடைகளில் கிடைக்கும் தோட்டாக்களை 15 கெச அளவான அண்மைத் தொலைவிலிருந்து சுட்டு, 1983-இல் அறிக்கை வெளியிட்டனர். ஆற்றலோடு, குண்டு எவ்வளவு ஆழம் சென்றது, எவ்வளவு விரிந்தது, எவ்வளவு எடையைக் காத்துக்கொண்டது என்பவற்றையும் சேர்த்தே மதிப்பெண் இட்டனர். .458, .375, .338 மேக்னம் தோட்டாக்கள் முன்னணியில் நின்றதில் வியப்பில்லை. .30-06 தோட்டா 220 கிரெய்ன் குண்டோடு தகுதி பெற்றது கவனிக்கத்தக்கது. பெரிதும் மதிக்கப்பட்ட .44 மேக்னம் கைத்துப்பாக்கி பின்தங்கியது. அறிக்கை வெளிவந்த காலத்தில் வலிய கட்டமைப்புள்ள குண்டுகள் கடைகளில் இன்றுபோல் பெருகவில்லை என்பதையும் நினைவில் கொண்டு படிக்க வேண்டும்.

பெரியதே சிறந்தது என்றால் எல்லோரும் .375 வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். இங்கே நியூட்டனின் மூன்றாம் விதி சுடுபவனின் தோளில் வந்து இடிக்கிறது. குண்டோடு மருந்தின் வளிமமும் குழலைவிட்டு நொடிக்கு 1,000 மீட்டருக்கு மேற்பட்ட விரைவில் பீறிட்டு வெளியேறுகிறது. இவ்விரண்டின் உந்தத்துக்கும் ஈடான உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெறுகிறது. 4 கிலோ எடையுள்ள துப்பாக்கியில் .30-06 தோட்டா 220 கிரெய்ன் குண்டோடு ஏறத்தாழ 28 ஜூல் பின்னுதை தரும். அதே எடையில் .375 தருவது ஏறத்தாழ 55 ஜூல், இருமடங்கு. உந்தம் ஒன்றரை மடங்குக்கும் குறைவாகவே கூடுகிறது. ஆனால் பின்னுதை ஆற்றல் உந்தத்தின் இருமடியாய் வளர்கிறது. எலும்பு முறியாது, பயிற்சி முறியும். ஒரு காலையில் 55 ஜூல் இடியை இருபது முறை வாங்கிய தோள், இருபத்தோராம் முறை விசையை அழுத்துவதற்கு முன்னரே கண்ணை மூடச் சொல்லும். மூளை அறியாமல் தசை கற்றுக்கொள்ளும் இந்தச் சுளிப்பு, குழலை ஒரு பாகை அசைத்தால், 150 மீட்டரில் குண்டு இரண்டரை மீட்டர் விலகும்.

அலாஸ்காவின் மீன், வேட்டைவிலங்குத் துறை வெளியூர் வேட்டைக்காரர்களுக்குத் தரும் அறிவுரையும் இதுவே. புதிதாக வாங்கிக் குறிசீராக்க நாலு தோட்டா மட்டும் சுட்ட பளபளக்கும் மேக்னத்தோடு வருபவனைவிட, நன்றாகச் சுடப் பழகிய .270-ஐயோ .30-06-ஐயோ கொண்டு வருபவனையே பட்டறிவுள்ள வழிகாட்டிகள் விரும்புகின்றனர். கரடியையே வேட்டையாடுவது வேறு. அதற்கு, அலாஸ்காவில் வசிக்காத அமெரிக்கர், உரிமம் பெற்ற வழிகாட்டியையோ அங்கே வாழும் நெருங்கிய உறவினரையோ உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே இரண்டாவது துப்பாக்கி ஒன்று வழிகாட்டியின் கையில் இருக்கும். மான்வேட்டைக்காரனுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பொறியமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தாழ்ப்பாளைப் போல் கையால் இழுத்துத் தள்ளும் அமைப்பே அங்கே பெருவழக்கு. மவுசர் 1898-இல் நிலைநாட்டிய வடிவத்தில், அகன்ற கொக்கி ஒன்று தோட்டாவை அது தோட்டா அடுக்கிலிருந்து கிளம்பும்போதே விளிம்பில் பற்றிக்கொள்கிறது. பதற்றத்தில் தாழை அரைகுறையாக இழுத்துத் தள்ளினாலும் இரண்டாவது தோட்டா முதலாவதோடு மோதிச் சிக்காது. கோடியாக்கின் உப்பு மழைக்குத் துருப்பிடிக்காத எஃகுக் குழலும், ஈரத்தில் முறுக்கிக்கொள்ளாத செயற்கை இழை அடிக்கட்டையும் ஏற்றவை. குழல் நீண்டால் ஆல்டர் கிளைகளில் மாட்டும். 55 சென்டிமீட்டரை ஒட்டி இருந்தால் போதும். தொலைநோக்கி வேண்டும், ஆனால் குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்க வேண்டும். ஒன்பது மடங்கு பெருக்கத்தில் வைத்த தொலைநோக்கிக்குள் 15 மீட்டரில் தெரிவது மயிர் மட்டும். குளிர் நாட்டில் கெட்டியாகும் எண்ணெயைத் துடைத்துவிட்டே கிளம்புவர். கிரீன்லாந்தின் வடகிழக்குப் பனிவெளியில் நாய்ச் சறுக்குவண்டிகளில் காவல் செல்லும் டென்மார்க் நாட்டின் சிரியசுப் படையினர், துருவக் கரடிகளுக்காக நெடுங்காலம் சுமந்தது முதல் உலகப் போர்க்கால வடிவமான எம்1917 துப்பாக்கி. அதன் தோட்டா நம் பழைய .30-06-தான். கடுங்குளிரில் இயங்குவது உறுதி என்பதே அதன் தகுதி.

இதுவரை சொன்னவற்றுக்கெல்லாம் ஒரு கடிவாளம் போட வேண்டும். டாம் சுமித்தும் ஸ்டீபன் ஹெரேரோவும் பிறரும் 1883 முதல் 2009 வரை அலாஸ்காவில் மாந்தர் துப்பாக்கி வைத்திருந்தபோது கரடியோடு நேர்ந்த 269 நிகழ்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியிட்டனர். நீள்துப்பாக்கிகள் 76 விழுக்காடும் கைத்துப்பாக்கிகள் 84 விழுக்காடும் பயன்தந்தன. கைத்துப்பாக்கி நிகழ்வுகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு என்பதால், இவ்வேறுபாட்டைக் கொண்டு கைத்துப்பாக்கியே மேல் என்று எவரும் முடிவுகட்ட வேண்டியதில்லை. துப்பாக்கி ஏன் பயன்படாமல் போனது என்ற பட்டியல்தான் படிக்கத்தக்கது. நேரம் போதவில்லை, துப்பாக்கியைப் பயன்படுத்தவே இல்லை, பொறி சிக்கிக்கொண்டது, கரடி மிக அருகே வந்துவிட்டது, குறி தவறியது, தோட்டா தீர்ந்தது, காப்புத்தாழை விடுவிக்க மறந்தனர். தோட்டா வலிமை போதவில்லை என்பது அந்தப் பட்டியலின் முதல் வரிசைகளில் இல்லவே இல்லை. வேட்டைக்காரர்கள் மாலையெல்லாம் வாதிடும் பொருளும் காட்டில் அவர்களைக் கைவிடும் பொருளும் வெவ்வேறு.

இதே ஆய்வாளர்கள் 2008-இல் மிளகாய்க்காரத் தெளிப்பானைப் பற்றியும் எழுதியிருந்தனர். 1985 முதல் 2006 வரையிலான 83 நிகழ்வுகளில், பழுப்புக் கரடியின் விரும்பத்தகாத நடத்தையை அது 92 விழுக்காடு நிறுத்தியது. அதற்குத் துல்லியமான குறி வேண்டாம். எலும்பை முறிக்க வேண்டாம். கண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலும் எரிச்சலைப் பரப்பினால் போதும். எதிர்க்காற்றில் அது தெளித்தவனையே தாக்கும் என்பதும், துப்பாக்கியைக் கையில் ஏந்தியிருப்பவன் அதை எடுக்க மூன்றாம் கை வேண்டும் என்பதும் மெய்தான். எனினும் மானை அறுக்கும் நேரத்தில் துப்பாக்கி கையில் இருப்பதில்லை என்பதை எண்ணினால், மார்பு வாரில் செருகிய தெளிப்பான் எவ்வளவு மதிப்புடையது என்று விளங்கும்.

அந்த நேரமே ஆபத்து மிக்கது. வேட்டைக்காரன் மண்டியிட்டு, தலை குனிந்து, முழங்கைவரை குருதியோடு குடலை அகற்றிக்கொண்டிருக்கிறான். வேட்டொலி கேட்டாயிற்று, நெடி காற்றோடு கீழ்ச்சரிவுக்கு இறங்குகிறது. துப்பாக்கி ஐந்து அடிக்கு அப்பால் ஒரு புதரில் சாய்ந்திருந்தால், அது .458 ஆனாலும் .22 ஆனாலும் ஒன்றே. மானைத் திறந்த வெளிக்கு இழுத்து வருதல், முதுகைச் சரிவுக்கு மேற்புறம் வைத்துக் கீழ்நோக்கி அமர்தல், துணைவன் ஒருவன் வேலை செய்யாமல் நின்று சுற்றுமுற்றும் நோக்குதல், துப்பாக்கியை வலக்கை எட்டும் இடத்தில் குழல் தன்னைப் பாராமல் கிடத்துதல் என்று இவற்றையே பழகிய கைகள் செய்யும்.

நான் ஒருவருக்குச் சொல்வதானால், 3.8 கிலோவை ஒட்டிய, தொய்வில்லாத .30-06, உள்ளே 200 அல்லது 220 கிரெய்ன் பார்ட்டிசன், இல்லையேல் 180 கிரெய்ன் முழுச்செம்பு. 200 மீட்டர் மானுக்கு 220 கிரெய்ன் சற்றே தாழ்ந்து விழும். குறியைச் சீராக்கும்போதே கணக்கில் கொள்ளக்கூடிய தாழ்வு அது. மானுக்கு ஒன்று, கரடிக்கு ஒன்று என இருவகைத் தோட்டாவைக் கலந்து நிரப்புவோர் உண்டு. எது அறையில் இருக்கிறது என்பது நெருக்கடியில் நினைவுக்கு வராது, குறியும் இரண்டுபட்டுப் போகும். ஒன்றையே நிரப்புவது நலம்.

இவ்வளவுக்குப் பிறகும், கரடி வந்து மானைத் தனதாக்கிக்கொண்டால் விட்டு விலகுவதே முறை. வாழ்வுக்கே இன்றியமையாத உணவாக இருந்தாலன்றி, வேட்டை இறைச்சியைக் காக்கக் கரடியைச் சுடுவதை அலாஸ்காவின் சட்டம் ஏற்பதில்லை. உயிருக்காகச் சுட்டாலும், தோலை உரித்து, மண்டையோட்டோடு சேர்த்து அரசிடம் ஒப்படைத்து, நடந்ததை எழுதித் தர வேண்டும். ஆள் உயரத்தையும் மிஞ்சிய ஈரத்தோல் ஒன்றை மழையில் உரித்துக் கரைவரை சுமந்து செல்வது மான்வேட்டைக்கு வந்தவன் விரும்பும் வேலையன்று.